குறியெண் கிடைத்த பின்னும் தீராத வேலை

மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியின் பாரி சகோதரர்கள் சிறுவயதிலேயே, 1989 வாக்கில், ஃபுலானி மொழிக்கு அட்லம் எழுத்தை உருவாக்கினார்கள். அதற்கு முதலில் வந்த எழுத்துரு, அரபு எழுத்துகளின் குறியெண்களில், அதாவது கணினி ஒவ்வோர் எழுத்தையும் அடையாளம் காணும் எண்களில், அட்லம் வடிவங்களை ஏற்றியிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் மடலைத் திறந்தால் பொருளற்ற அரபு எழுத்துகள்தான் தெரியும். 2016இல், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியெண் தரும் தரநிலையான யுனிகோடின் 9.0 பதிப்பு அட்லத்துக்குச் சொந்தக் குறியெண்களைத் தந்தது.

யுனிகோடுக்கு விண்ணப்பம் எழுதும்போது அவசரமே ஆகாது. ஒருமுறை ஏற்றிய எழுத்தை நீக்கவோ அதன் பெயரை மாற்றவோ விதி இடம் தராது. ஒவ்வோர் எழுத்துக்கும் குறைந்தது இரண்டு பேரின் கையெழுத்து மாதிரியாவது சேர்த்துக்கொள்வது நல்லது. சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் அது எடுக்கும் வடிவத்தைப் படமெடுத்து, ஆண்டும் பக்க எண்ணும் குறித்துவைக்க வேண்டும். அகரவரிசை, எண்கள், நிறுத்தக்குறிகள், வரி ஓடும் திசை ஆகியவற்றை அந்த எழுத்தைக் கற்பிப்பவர்களிடமே கேட்பது நல்லது. அச்சுப் புத்தகத்தை மட்டும் நம்பினால் கையெழுத்து வழக்கு விடுபட்டுப்போகும்.

பாரம்பரிய மங்கோலிய எழுத்து 1999இலேயே யுனிகோடில் ஏறிவிட்டது. தாளில் ஒரே மாதிரி இருக்கும் ஓ, உ ஒலிகளுக்கு அங்கே தனித்தனிக் குறியெண்கள். அதனால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல்லை இருவர் இரு விதமாகத் தட்டச்சு செய்ய முடியும். ஒருவர் எழுதியது இன்னொருவரின் தேடலில் சிக்காது. ஒரு சமூகம் தன் சொல்லைத் தன் எழுத்தில் தேடி, இருந்தும் கிடைக்காமல் போவது உண்மையிலேயே வேதனை தருவது.

குறியெண் வந்த பின்னும் எழுத்துரு, விசைப்பலகை, எழுத்துகளைச் சரியான வடிவில் இணைத்துத் திரையில் காட்டும் வடிவமைப்பு நிரல் மூன்றும் தேவை. அட்லம் வலமிருந்து இடமாக, கூட்டெழுத்தாக ஓடுவது. நிரல் அதை அறியாவிட்டால் எழுத்துகள் தனித்தனியாகப் பிரியும், அல்லது வரிசை தலைகீழாகும். விண்டோஸ் அட்லத்தை ஏற்க 2019 ஆயிற்று. தரவுத்தளத்தில் இன்னொரு கண்ணி: யுனிகோடு குறியெண்களைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் அட்லம் எழுத்து ஒவ்வொன்றும் 4 பைட்டு. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய யுடிஎஃப்8 அமைப்பு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. உரை அறுபடும், அல்லது பிழை வரும். யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றினால் சரியாகும்.

சோதனைக்கு ஒரே ஒரு பெயர் போதும். அதைத் தட்டச்சு செய்து, இன்னொரு கைபேசிக்கு அனுப்பி, அங்கே தேடி, ஓர் எழுத்தை அழித்து, பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து நகலெடுத்து ஒட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கடைசிப் படியில்தான் உடையும்.

பழைய எழுத்துருவில் கிடக்கும் ஆவணங்களை மாற்றும்போது முதல் சில பக்கங்களை அந்த எழுத்தை வாசிப்பவர் ஒருவர் தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரே குறியெண் இரண்டு வேலை செய்யும் இடங்களும், மேற்குறிகள் முன்பின்னாகும் இடங்களும் நிரலுக்குத் தெரியாது. மூலக் கோப்பையும் அது பயன்படுத்திய எழுத்துருவையும் ஒரே கோப்புறையில் வைத்துப் பாதுகாக்க வேண்டும். மாற்றத்தில் நேர்ந்த பிழை சில ஆண்டுகள் கழித்துக்கூடத் தெரியவரலாம்.