அம்பாசிடருக்கு 1.8 ஏற்றினால் ரேடியேட்டர் எது?

பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரில் இசுசு 1.8 என்ஜின் ஏற்றுகிறவர்கள் கியர்பாக்ஸ், மவுண்டிங், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று எல்லாவற்றையும் யோசித்துவிட்டுக் கடைசியில்தான் ரேடியேட்டர் பக்கம் வருகிறார்கள். அதற்குள் கையில் இருக்கும் பணம் கரைந்திருக்கும். "இருக்கிறதே போதும், கோரை மட்டும் தடிமனாகப் போட்டுக்கலாம்" என்பார்கள் பட்டறையில் (கோர் என்பது ரேடியேட்டரின் நடுவே தண்ணீர் ஓடும் குழாய்களும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த பகுதி). எனக்கு அதில் உடன்பாடில்லை. என் வண்டியில் முதல் செலவை ரேடியேட்டர் வழியே காற்று சரியாகப் போவதற்குத்தான் செய்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாக, என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவத்தில் (கூலண்ட்) இறங்குகிறது. பழைய என்ஜின் 50 குதிரைத்திறன் சொச்சம், இசுசு 75. முழு மிதியில் போனால் ரேடியேட்டர் சமாளிக்க வேண்டிய சூடும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடும். ஆனால் சமதளத்தில் 60-ல் போகும்போது இந்தத் திறனில் கொஞ்சம்தான் தேவைப்படும், எதிர்க்காற்றும் தாராளமாக வரும். சிக்கல் மலையில். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, ஆள் நிறைந்த வண்டி, இரண்டாவது கியர், என்ஜின் முக்கிக்கொண்டு இழுக்கிறது, வேகமோ 20, 25. அந்த நேரத்தில் வண்டியைக் காப்பாற்றுவது ஃபேன் மட்டும்தான்.

ஷ்ரௌட் (ரேடியேட்டரிலிருந்து ஃபேனைச் சுற்றி வருகிற கூடு) இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேராக இருக்கிற கோரில் மட்டும் காற்றை இழுக்கும், நான்கு மூலையும் சும்மா கிடக்கும். என்ஜின் மாறியதும் ஃபேன் இருக்கும் இடமும் மாறும், பழைய ஷ்ரௌட் பொருந்தாது, கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். தகடு வளைத்துப் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். இறக்கை பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கட்டும். ரேடியேட்டருக்கும் முன்பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ள சந்துகளை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள், இல்லையென்றால் கிரில்லில் நுழைகிற காற்று கோரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இதையெல்லாம் செய்துவிட்டு ஒரு சோதனை. ஊருக்குள் ஊர்ந்து போகும்போது மட்டும் வெப்பம் காட்டும் முள் ஏறினால் குறை காற்றில். பைபாஸில் வேகமாகப் போகும்போது ஏறினால் கோரில், அல்லது தண்ணீர் ஓட்டத்தில்.

கோர் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், இதே உடம்பில் 1.8 போட்டு 1990-களில் கம்பெனியே அம்பாசிடர் 1800 விற்றது, அந்த ரேடியேட்டர் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள், அளந்து பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முகப்பு பெரிதாக இருக்கிற கோர். கோரில் குழாய் வரிசையைக் கூட்டிக்கொண்டே போனால் பின்வரிசைக்குப் போவது ஏற்கெனவே சூடான காற்று, ஃபேனும் திணறும். அலுமினியம் எடை குறைவு, நன்றாகவே வேலை செய்யும், ஆனாலும் நான் செம்பு-பித்தளையில்தான் நின்றேன், எந்த ஊரிலும் ஈயம் வைத்து ஒட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறார்.

ரேடியேட்டர் மூடி விஷயத்தில் கவனம். உள்ளே அழுத்தம் 1 பார் கூடினால் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும், அதனால் அழுத்தம் கூடின மூடி போட ஆசை வரும். பழைய பித்தளைத் தொட்டியின் ஒட்டு அதைத் தாங்குமா என்று கடையில் அழுத்தம் கொடுத்துப் பார்த்த பிறகு போடுங்கள். ரேடியேட்டரின் கீழ் ஓஸுக்குள் (ரப்பர் குழாய்) ஸ்பிரிங் இருக்கட்டும், வேகத்தில் பம்ப் உறிஞ்சும்போது மெல்லிய ஓஸ் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் தெர்மோஸ்டாட், என்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கிற வால்வு. "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு" என்று கழற்றி வீசுவதை இன்னும் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை. அது இல்லாவிட்டால் என்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். மலையில் கொதிக்கிற வண்டி அதைக் கழற்றியதால் சரியாகிவிடாது, குறை வேறிடத்தில் இருக்கிறது. எலெக்ட்ரிக் ஃபேன் வைப்பவர்கள் ரிலே (அதிகக் கரண்டைத் தாங்குகிற சுவிட்ச்) போட்டு, ஆல்டர்னேட்டர் தாங்குமா என்று பார்த்துவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்கிற மாதிரி வையுங்கள்.

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படிந்து குழாய் அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரும் தண்ணீர் கலக்காத கூலண்டும் பாதிக்குப் பாதி. ஊற்றும்போது வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்துங்கள், மூடி உயரத்தில் இருந்தால்தான் காற்று வெளியேறும். முழுச் சூடு வரும் வரை ஓட விட்டு, நன்றாக ஆறிய பிறகு திறந்து மட்டம் பாருங்கள், கண்டிப்பாக இறங்கியிருக்கும்.