பதினோரு நாள் 62.4

அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு, பம்பிங் (ஒரு துடிப்பில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு) 30 சதவீதம்தான் என்று எக்கோ ஸ்கேனில் தெரிந்ததும் வீட்டுக்கு ஒரு எடை மெஷினும் நாற்பது பக்க நோட்டும் வாங்கினோம். தினமும் காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து ஏறி நின்று எண்ணைக் குறிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். ஸ்ரீவில்லிபுத்தூரில் முப்பது வருஷம் டீ மாஸ்டராக இருந்தவர். கடன் கணக்கெல்லாம் மனசிலேயே வைத்திருப்பார். இதை அவரிடமே விட்டுவிட்டோம்.

மார்ச்சில் ஒரு ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார். காலில் அமுக்கினால் குழி விழுந்தது. ஆஸ்பத்திரியில் எடை 66.8. நோட்டைப் புரட்டினேன். 62.4, 62.4, 62.4. பதினோரு நாளும் ஒரே எண், அதே சாய்ந்த கையெழுத்து. வீட்டுக்கு வந்து பார்த்தால் மெஷினில் பேட்டரியே செத்துக் கிடக்கிறது.

"ஏம்ப்பா?" என்றேன்.

"பாத்து என்ன ஆகப்போகுது."

அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எந்நேரமும் அசதி. அப்போது பார்த்த டாக்டர், பம்பிங் கம்மி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். அதுவும் பொய்யில்லை, இதயச் செயலிழப்புக்கும் மனச்சோர்வுக்கும் பாதி அறிகுறிகள் ஒன்றுதான். அதனால்தான் ஒன்றின் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொள்கிறது.

வார்டில் இருந்த இளம் டாக்டர் இரண்டே கேள்வி கேட்டார். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா?

"டீயே பிடிக்கல சார்" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் என்றதும் டீயை விட்டுவிட்டார், என்ன கட்டுப்பாடு என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்துக் கொண்டிருந்தேன்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வும் இருக்கிறது. இருப்பவர்களுக்கு மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பும் அதிகம். பதற்ற ஹார்மோன்கள் இதயத்தை ஓயவிடுவதில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று எங்கள் நோட்டிலேயே இருந்தது: மாத்திரை, உப்பு, எடை எதையும் கவனிக்க மனசு வருவதில்லை.

சரி, ஒரு மாத்திரை கொடுத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். அவ்வளவு சுலபமில்லை. மனநல டாக்டர் ஈசிஜி பார்த்துவிட்டுத்தான் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதினார். பழைய ரக மாத்திரைகள் சில இதயத் துடிப்பையே குழப்பிவிடுமாம். அந்த செர்ட்ராலினையும் இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்திருக்கிறார்கள். 2010-ல் வந்த முடிவுப்படி, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தரப்புக்குக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை அது மிஞ்சவில்லை. ஆனால் இரண்டு தரப்பிலுமே சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது. இரு தரப்புக்கும் நர்சுகளின் ஆதரவு இருந்தது. அதுதான் வேலை செய்தது என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பில்லை; ஆனால் நம்புகிறேன். 2015-ல் வந்த இன்னொரு ஆய்வில் பேச்சு வழிச் சிகிச்சை சோர்வைக் குறைத்தது. அதனால் மாத்திரையோடு வாரம் ஒருமுறை கவுன்சிலிங்குக்கும் கூட்டிப்போகிறேன். சாயங்காலம் தெருமுனை வரை நடை.

பேட்டரி மாற்றியாச்சு. முந்தாநாள் 62.7, நேற்று 63.1, இன்று 62.9. காலையில் நான் போட்ட அரை டம்ளர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "தூளை இப்படிக் கொதிக்க விட்டா கசக்காம என்ன செய்யும்" என்று திட்டினார்.