மோர் பிக்கர்

பிள்ளைகள் ஆங்கிலத்தில் 'பிக்கர்' (bigger) என்பதற்குப் பதில் 'மோர் பிக்கர்' (more bigger) என்று எழுதினால் உடனே சிவப்பு மையை எடுக்காதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது.

'சேலத்தை விட மதுரை பெரியது.' 'தமிழ்நாட்டு ஊர்களிலேயே சென்னைதான் பெரியது.' இரண்டிலும் அதே 'பெரியது'தான். 'விட'வும் 'இலேயே'யும் ஒப்பிடும் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலத்திலோ சொல்லே உருமாற வேண்டும்: பிக், பிக்கர், பிக்கஸ்ட். பியூட்டிஃபுல் போன்ற நீளமான சொல்லுக்குத்தான் முன்னால் மோர், மோஸ்ட். தமிழில் யோசிக்கிற பிள்ளைக்குத் தனிச்சொல் ஒன்றைச் சேர்ப்பதுதான் இயல்பாக வருகிறது. அதனால் மோரையும் போட்டு விடுகிறது.

16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களே இப்படி இரண்டையும் சேர்த்தும் எழுதினார்கள். 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள்தான் அதைத் தவறு என்று ஒதுக்கினார்கள்.

எனக்கு வருத்தமெல்லாம் பாடம் நடக்கிற விதத்தில்தான். ஒரே ஒப்பீட்டை மூன்று விதமாக மாற்றி எழுதச் சொல்கிறார்கள். 'நோ அதர் சிட்டி' என்று தொடங்கினால் 'ஆஸ் பிக் ஆஸ்', 'பிக்கர்' என்றால் 'தேன் எனி அதர் சிட்டி', 'பிக்கஸ்ட்' என்றால் முன்னால் 'தி'. இந்த மூன்று அச்சுகளையும் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்கு, எதிரில் இருக்கிற இரண்டு மாம்பழத்தில் எது இனிப்பு என்று சொல்ல வாய் வருவதில்லை.

மூன்று பென்சிலை மேசையில் வையுங்கள். லாங், லாங்கர், லாங்கஸ்ட். அப்புறம் ஒன்றைச் சீவிவிட்டு மறுபடி கேளுங்கள். குட், பெட்டர், பெஸ்ட் போன்ற சில மட்டும் விதிக்குள் வராது. அவற்றைச் சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும்.

உங்கள் வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?