உவர் வேறு, களர் வேறு

ராமநாதபுரம் கடலோரத்தில் எங்கள் சித்தப்பாவின் வயலில் வெயில் ஏறினால் வரப்போரம் வெள்ளையாகப் பூக்கிறது. மதுரையில் யாரோ ஜிப்சம் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மண்ணைச் சோதிக்காமல் தயவுசெய்து போடாதீர்கள்!

ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கான மருந்து. மண்ணோடு ஒட்டிய சோடியத்தை அதிலுள்ள கால்சியம் பெயர்த்துவிடும். பிறகு நல்ல தண்ணீர் அதை அடித்துச் செல்லும். கரையும் உப்பு மிகுந்த உவர் நிலத்திலோ உப்பு ஏற்கெனவே கரைந்துதான் இருக்கிறது, பெயர்க்க வேண்டியதில்லை. மழைநீரைத் தேக்கி வடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும், வடிகால் இருந்தால். சோதனையில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர், காரத்தன்மையைக் காட்டும் பிஎச் 8.5-க்கு மேல் போய், சோடியமும் மிகுந்திருந்தால் களர். இரண்டும் கலந்த நிலமும் உண்டு.

நெல் நாற்றுப் பருவத்திலும் பூக்கும்போதும்தான் உப்புக்கு அதிகம் வாடும். அதனால் சற்று முற்றிய நாற்றாக, குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக நடச் சொன்னேன். முன்னதாகப் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழட்டும். அது உப்பையும் தாங்கும், நீர் நின்றாலும் தாங்கும்.

குழியடிச்சான், களர்பாலை போன்ற, உப்பைத் தாங்கும் பாரம்பரிய நெல் ரகங்களை விதைக்காக ஒரு மூலையிலாவது காப்பாற்றுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நல்ல விதை வைத்திருப்பவர்கள் உட்பெட்டியில் சொல்லுங்கள். சித்தப்பாவுக்குப் புரட்டாசிக்குள் வேண்டும்.