எடைக்கு முன்னால் இருக்கை: பேட்டை ஜிம்முக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சிங்கப்பூரில் பேட்டை ஜிம்மில் சேர்ந்து இரண்டு வாரம் ஆனவர்களிடம் பேசிப் பாருங்கள். பாதிப் பேர் சொல்வது ஒன்றாகத்தான் இருக்கும்: "அந்தக் கால் நீட்டுற மெஷின்ல உட்கார்ந்தாலே முட்டி வலிக்குது." வயதாகிவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டு, பிறகு டிரெட்மில்லோடு நின்றுவிடுகிறார்கள். பலருக்கு முட்டியில் எந்தக் கோளாறும் இருக்காது. அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஆறடி உயரம். அவர் விட்டுப்போன இடத்திலேயே முதுகுப் பலகை நின்றிருக்கும், அதுதான் காரணம்.

கால் நீட்டும் மெஷினின் பக்கவாட்டில், அதன் கை சுழலும் அச்சு ஒன்று தெரியும். பல மெஷின்களில் அந்த இடத்தில் சிவப்பிலோ மஞ்சளிலோ ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். உட்கார்ந்ததும் குனிந்து பாருங்கள். முட்டி மடங்கும் இடம் அந்த அச்சுக்கு நேராக இருக்க வேண்டும். பலகை பின்னால் போயிருந்தால் முட்டியும் அச்சுக்குப் பின்னால் போய்விடும். அப்போது மெஷினின் கை ஒரு வட்டத்தில் சுழல, உங்கள் கால் வேறு வட்டத்தில் சுழலும். இரண்டும் ஒத்துப்போகாததன் பாரம் முட்டிச் சில்லில்தான் இறங்கும். கண்டுபிடிப்பது சுலபம்: காலை நீட்டி மடக்கும்போது, கணைக்காலில் படும் உருளை தோலை உரசிக்கொண்டு மேலும் கீழும் நகர்கிறதா என்று கவனியுங்கள். நகர்ந்தால் அச்சு தப்பியிருக்கிறது. பலகையை ஒரு துளை முன்னே தள்ளிவிட்டு மறுபடி பாருங்கள். உருளை கணுக்காலுக்குச் சற்று மேலே, ஷூவைத் தொடாமல் இருக்கட்டும்.

இந்த விதி ஒரு மெஷினோடு முடிவதில்லை. காலை மடக்கும் மெஷின், கையை மடக்கும் மெஷின் என்று அச்சில் சுழலும் எதுவானாலும், எந்த மூட்டு மடங்குகிறதோ அது அச்சுக்கு நேராக வர வேண்டும்.

உட்கார்ந்து காலால் பலகையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் கவனிக்க வேண்டியது வேறு. இருக்கையை அதிகமாக முன்னுக்குத் தள்ளினால், முட்டி மார்பை நெருங்கும்போது பிட்டம் இருக்கையைவிட்டு லேசாக எழும்பும். அந்த நொடியில் இடுப்பு சுருண்டு கீழ்முதுகு வளைகிறது, முழுப் பாரமும் அங்கே போகிறது. தொடங்கும் நிலையில் முட்டி ஏறக்குறைய 90 டிகிரியில் இருந்தால் போதும். தள்ளி முடித்ததும் முட்டியை முழுவதுமாக நீட்டிப் பூட்டிவிடாதீர்கள்.

உட்கார்ந்து கைப்பிடியை முன்னால் தள்ளும் செஸ்ட் பிரஸ்ஸில் தோளின் முன்பக்கம் வலிப்பதாகச் சொல்பவர்களுக்கு இருக்கை தாழ்வாக இருக்கும். கைப்பிடி தோள் உயரத்துக்கு வந்துவிடுவதால் முழங்கை பக்கவாட்டில் விரிகிறது. இருக்கையை உயர்த்தி, கைப்பிடி மார்பின் நடுப்பகுதிக்கு நேராக வரும்படி வையுங்கள். பல மெஷின்களில் காலடியில் ஒரு மிதி இருக்கும், அது இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. அதை அழுத்தினால் கைப்பிடி முன்னால் வரும், தோளைப் பின்னால் முறுக்கி எடுக்கத் தேவையில்லை. முடிக்கும்போதும் மிதியை அழுத்தியே இறக்குங்கள்.

தலைக்கு மேலிருக்கும் கம்பியைக் கீழே இழுக்கும் லேட் புல்டவுனில் தொடைமேல் வரும் மெத்தை இறுக்கமாகப் பதிய வேண்டும். தளர்வாக இருந்தால் எடை உங்களைத் தூக்கிவிடும். கம்பியை மேல்மார்புவரை இழுத்தால் போதும், கழுத்துக்குப் பின்னால் இழுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அடுத்து, எண்கள். தெம்பனிஸ் ஜிம்மில் 40 கிலோ இழுத்தவர் தோ பாயோ ஜிம்மில் 30 இழுக்கவே திணறினால் பலம் குறைந்துவிட்டது என்று கவலைப்படுவார். கவலைக்கு இடமில்லை. கேபிள் எத்தனை கப்பிகளைச் சுற்றி வருகிறது என்பதைப் பொறுத்து, அடுக்கில் எழுதியிருக்கும் எடையும் கைக்கு வரும் எடையும் மாறும். இரண்டு கைப்பிடிகளை இரு பக்கமும் நகர்த்தக்கூடிய கேபிள் மெஷின்களில் பெரும்பாலும் பாதிதான் கைக்கு வரும். 20 என்று எழுதியிருந்தால் கை உணர்வது 10. வழுக்குக் கம்பியில் ஓடும் ஸ்மித் மெஷினில் உள்ளே எதிர் எடை கட்டியிருந்தால், வெறும் கம்பியே லேசாக இருக்கும். தனியாக எடுக்கும் நீளக் கம்பி பொதுவாக 20 கிலோ, சற்றுக் குட்டையானது 15 கிலோ. தட்டு எதுவும் மாட்டாமலேயே அவ்வளவு. படுத்தபடி கம்பியை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் புதிதாக வருபவர்களுக்கு வெறும் கம்பியே முதல் வாரத்துக்குப் போதும்.

அதனால் கைத்தொலைபேசியில் குறித்து வையுங்கள். எடையை மட்டும் எழுதினால் பயனில்லை. "தோ பாயோ, லெக் பிரஸ், துளை 4, 45 கிலோ, 12 முறை" என்று இடத்தையும் துளை எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த முறை இருக்கையைத் தேடும் ஐந்து நிமிடம் மிச்சம்.

எடை அடுக்கில் செருகும் ஊசியை முழுவதுமாக உள்ளே தள்ளுங்கள். பாதியில் நிற்கும் ஊசி, தூக்கும்போது நழுவி அடுக்கு முழுவதையும் கீழே போடும். ஊசி காணாமல் போயிருந்தால் பேனாவையோ ஆணியையோ செருகிச் சமாளிக்காதீர்கள்.

கட்டண விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டைகளில் அரசு நடத்தும் ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்களில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒரு முறை நுழைய 2 வெள்ளி 50 காசு, மாணவர்களுக்கும் மூத்தோருக்கும் 1 வெள்ளி 50 காசு, 65 வயதை எட்டிய குடிமக்களுக்கு இலவசம். 2025இல் சிங்கப்பூரின் 60ஆம் ஆண்டு நிறைவை (எஸ்ஜி60) ஒட்டி உறுப்பினர்களுக்கு 100 வெள்ளி கிரெடிட் கொடுத்தார்கள். பணம் கட்டும் முன் ஆக்டிவ்எஸ்ஜி செயலியில் அது மீதம் இருக்கிறதா, இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். எந்த ஜிம்மில் எவ்வளவு கூட்டம் என்பதும் செயலியிலேயே தெரியும். வேலை முடிந்து எல்லோரும் வரும் மாலை 6 முதல் 9 வரை புதியவர்களுக்கு ஏற்ற நேரம் அல்ல. இருக்கையைத் திருத்திப் பழகுவதற்குள் பின்னால் இருவர் நிற்பார்கள், அந்தக் கூச்சத்தில் திருத்தாமலேயே தொடங்கிவிடுவீர்கள். வாரநாள் பிற்பகல் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

துண்டு கொண்டுபோவது விதி. நம்மவர்களுக்கு அதில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் படுத்தால், தலை பட்ட இடத்தில் பளபளவென்று ஒரு வட்டம் படியும். அடுத்து படுப்பவருக்கு அது அருவருப்பு. அதைவிட, எண்ணெய்ப் பிசுக்கில் தலையும் தோளும் வழுக்கும், எடையைக் கையில் வைத்திருக்கும்போது அது ஆபத்து. முகம் துடைக்க ஒன்று, இருக்கையில் விரிக்க ஒன்று என இரண்டு துண்டு வையுங்கள்.

தாலிக்கொடி, நீளச் சங்கிலி போட்டிருப்பவர்கள் அதை உள்ளே விட்டு, மேலே கழுத்தை ஒட்டிய சட்டை அணியுங்கள். மார்பை மெத்தையில் சாய்த்து இழுக்கும் ரோயிங் மெஷினில், தொங்கும் சங்கிலி மெத்தைக்கும் மார்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கழுத்தை இழுக்கும். மோதிரத்தைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். கம்பிக்கும் விரலுக்கும் நடுவே அது சதையைக் கிள்ளும். எதிலாவது கொக்கிபோல் மாட்டினால் விரலே கிழியும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிபிஸைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். உடற்பயிற்சியில் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், மருந்தும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை அளவு சரியும். ஜிம்முக்குக் கிளம்பும் முன் விரலைக் குத்தி அளவைப் பாருங்கள். 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி வந்தால் உடனே நிறுத்துங்கள். 4க்குக் கீழே போயிருந்தால் 15 கிராம் சர்க்கரை வேண்டும், அதாவது மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். சீனிக்குப் பதில் டின் பானத்தை நம்புபவர்கள் அதில் எழுதியுள்ள சீனி அளவைப் படியுங்கள். 2022 கடைசியில், சீனி அளவைப் பொறுத்துப் பானங்களுக்குத் தரம் குறிக்கும் நியூட்ரி-கிரேட் வந்த பிறகு நிறையப் பானங்களில் சீனி குறைந்துவிட்டது, பழைய கணக்கு இப்போது பொருந்தாது. வெள்ளிக்கிழமை விரதம் இருந்துவிட்டு மாலையில் நேராக ஜிம்முக்கு வருவது இவர்களுக்கு ஆகாது. விரத நாளில் பயிற்சியைத் தள்ளிவையுங்கள்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது. அடக்கினால் அழுத்தம் அந்த நொடியில் எகிறும். தள்ளும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. டிரெட்மில் காட்டும் துடிப்பை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன், உடல்நிலையைப் பற்றிக் கேட்கும் கெட் ஆக்டிவ் கேள்வித்தாளை உண்மையாக நிரப்புங்கள். அதில் "ஆம்" என்று வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

டிரெட்மில்லில் சிவப்பு நாடாவின் கிளிப்பைச் சட்டையில் மாட்டுபவர்கள் மிகக் குறைவு. தடுமாறி விழுந்தால் பெல்ட்டைத் தானாக நிறுத்துவது அதுதான். ஓடும் பெல்ட்டில் நேராக ஏறாமல், இரு பக்க விளிம்பில் கால் வைத்து நின்று, குறைந்த வேகத்தில் ஓடவிட்டு அதன் பிறகு பெல்ட்டில் கால் வையுங்கள். சரிவை 10 ஆக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடப்பதில் பலன் குறைவு, உடல் எடையில் ஒரு பங்கைக் கைப்பிடியே தாங்கிவிடுகிறது. சரிவை 4க்குக் குறைத்துக் கையை வீசி நடங்கள்.

சரி, எவ்வளவு செய்வது? சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டு உடல் இயக்க வழிகாட்டி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கமும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சொல்கிறது. அந்த இரண்டு நாளில் லெக் பிரஸ், கால் மடக்குவது, செஸ்ட் பிரஸ், ரோயிங், லேட் புல்டவுன், தோள் பிரஸ் என ஆறு மெஷின் போதும். ஒவ்வொன்றிலும் தொடர்ந்து 10 முதல் 12 முறை செய்வது ஒரு செட், அப்படி இரண்டு செட். கடைசியில் இன்னும் இரண்டு மூன்று செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். இரண்டு செட்டிலும் 12 சுலபமாக வந்தால் அடுத்த முறை மிகச் சிறிய அளவு ஏற்றுங்கள். முதல் நாளே பழகிய நண்பரோடு போட்டி போட்டுக் கால் பயிற்சியை அள்ளிச் செய்வதுதான் மோசமான தவறு. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு. ஆனால் தொடை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கூட்ட நேரத்தில் செட்டுகளுக்கு நடுவே மெஷினில் உட்கார்ந்தபடி தொலைபேசியைத் தேய்ப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது. எழுந்து நில்லுங்கள். காத்திருப்பவர் வயதில் மூத்தவரானால், "அங்கிள், மாத்தி மாத்திப் பண்ணலாமா? எனக்கு ரெண்டு செட் பாக்கி" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. அவர் முடித்ததும் ஊசியையும் இருக்கையையும் உங்கள் எண்ணுக்கு மாற்ற மறக்காதீர்கள்.

நீளக் கம்பியிலிருந்து தட்டைக் கழற்றும்போது இரு பக்கமும் மாறி மாறி, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். தாங்கி குறுகலாக உள்ள பெஞ்சில், ஒரு பக்கம் காலியாகி மறு பக்கம் இரண்டு 20 கிலோ தட்டு இருந்தால் கம்பி கவிழலாம். அப்படிக் கவிழும்போது காலியான முனை மேலே எகிறி, பக்கத்தில் நிற்பவர் முகத்தில் அடிக்கும்.

கேபிள் மெஷினில் உட்காரும் முன் ஒரு தடவை கேபிளைப் பாருங்கள். முக்கியமாகக் கைப்பிடியை மாட்டும் முனையில், வளைந்து வளைந்து தேயும் இடத்தில் பாருங்கள். மேலுறை வெடித்து உள்ளே கம்பி இழை தெரிந்தாலோ, உறை ஓரிடத்தில் புடைத்திருந்தாலோ அது அறுந்துவிடக்கூடிய கேபிள். எடையைக் குறைத்துச் செய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முகப்பில் இருக்கும் ஊழியரிடம் மெஷின் எண்ணைச் சொல்லுங்கள். அவர் வந்து அறிவிப்பு மாட்டும்வரை உங்கள் துண்டை அந்த இருக்கைமேல் விரித்து வையுங்கள், தெரியாமல் வேறொருவர் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது.