ஒரே வாரத்தில் முற்றிய முப்பது சலாதுகள்

ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் 1840களின் இறுதியில் நுவரெலியாவில் ஐரோப்பிய மரக்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். இன்று அதே குளிரை நம்பி விளையும் கரட், லீக்ஸ், கோவா எல்லாம் லொறி லொறியாகக் கொழும்புக்கு இறங்குகின்றன. நுவரெலியாவுக்குப் பக்கத்து நானுஓயாவில், வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் எனக்கு இருப்பவை மூன்று பாத்திகள்தான்: சலாது (லெட்டூஸ் கீரை), முள்ளங்கி, தக்காளி.

முதல் வருடம் ஒரு பொதி சலாது விதை முழுவதையும் ஒரே நாளில் தூவிவிட்டேன். அந்த விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைவரும் என்பதால், பொடிமண்ணை விரலிடுக்கு வழியே பட்டும் படாமலும் உதிர்த்ததோடு சரி. ஓடில்லா நத்தைகள் தின்றதுபோக, முப்பது செடிகள் ஒரே வாரத்தில் விரிந்து நின்றன. வீட்டிலோ நாங்கள் மூன்று பேர். வெளியிலைகளை மட்டும் கிள்ளி, குருத்தை விட்டுவைத்துச் சில வாரங்கள் ஓட்டினேன். மார்ச் வெயில் ஏறியதும் தண்டு நீண்டு, கிள்ளிய இடத்தில் வெள்ளைப் பால் துளிர்த்தது. பால் கூடினால் கசப்பும் கூடிவிடும். பிறகு அதைப் பச்சையாகத் தின்ன முடியாது.

குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்தால் சலாது துவண்டு கூழாகிவிடும். ஆகவே நடுநரம்பை நீக்கி, புகையிலைபோல் மெல்லிசாக அரிந்து, சின்னவெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், தேங்காய்ப்பூ சேர்த்து இரண்டே நிமிடம் சுண்டி, அடுப்பை அணைத்த பின்பு தேசிக்காய் பிழிந்தேன். கசப்பு அடங்கிவிட்டது. "சலாதைப் போயி யாராச்சும் சுண்டுவாங்களா புள்ள?" என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்கா, மறுநாள் வெறும் கிண்ணத்தோடு வந்தார்.

முள்ளங்கி மிஞ்சினால் கவலையில்லை. வினாகிரியும் அரைத்த கடுகும் சேர்த்து அச்சாறு போட்டுவிடலாம். தக்காளிதான் சோதனை. தென்மேல் பருவமழையில் இலை கருகத் தொடங்கினால், பழுக்கட்டும் என்று காத்திருக்காமல் புள்ளியில்லாத காய்களைப் பறித்து, ஒரு வாழைப்பழத்தோடு கடதாசிப் பெட்டியில் வைப்பேன். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு காய்களையும் பழுக்கவைக்கும். போன தடவை பாதிக் காய்கள் பெட்டிக்குள்ளேயே அழுகின. அதனால் இப்போது பச்சையாகவே பெரும்பங்கைத் துவையலுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு சிட்டிகை சலாது விதைதான் தூவுகிறேன். பூக்க விட்ட ஒரே செடியில் மஞ்சள் பூக்கள் பஞ்சாகத் தொடங்கியிருக்கின்றன. காற்று கொண்டுபோகுமுன் துணிப்பை கட்ட வேண்டும்.