ஒரே சாயம், இரண்டு நீலம்

வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக, ஆந்திரத்தின் நகரி ஊரில் வளர்ந்த எனக்கு, நூலைப் பற்றிய முதல் ஐயம் ஒரு சாயப்பட்டறையில் எழுந்தது. ஒரே தொட்டியில், ஒரே நீலத்தில் முக்கியெடுத்த இரண்டு நூல் சிட்டங்கள் மூங்கிலில் காய்ந்தன. மெர்சரைஸ்டு நூல், அதாவது முன்பே காரத்தில் ஊறவைத்த நூல், அடர்நீலமாக மின்ன, சாதா நூல் வெளிறிக் கிடந்தது.

பருத்தி இழை உள்ளே பொள்ளலான ஒரு குழாய். காய் வெடித்து உலரும்போது அக்குழாய் தட்டையாகி, முறுக்கிய நாடாவைப் போல் ஆகிவிடுகிறது. குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் அவரை விதையின் வடிவம் தெரியும். சுமார் 20 விழுக்காடு வலிமையுள்ள, குளிர்ந்த காஸ்டிக் சோடாக் கரைசலில் அது ஊறும்போது, காரம் பருத்தியின் மூலப்பொருளான செல்லுலோஸின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. இழை உப்பி, முறுக்கு அவிழ்ந்து, உருண்டு திரள்கிறது. காரத்தை அலசிய பின்னும் சங்கிலிகள் பழைய வரிசைக்குத் திரும்புவதில்லை. படிக ஒழுங்கு குறைந்து நெகிழ்ந்த பகுதிகள் கூடுவதால், சாயம் உட்கார இடம் கிடைக்கிறது.

இதற்கு 1850-இல் காப்புரிமை பெற்றவர் ஜான் மெர்சர். ஆனால் அவர் துணியைச் சுருங்க விட்டதால் பளபளப்பு வரவில்லை. சுமார் 40 ஆண்டுகள் கழித்து, நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி காரத்தில் நனைத்து அதை வரவழைத்தவர் ஹோரஸ் லோ. என்னைக் கேட்டால், பெயரில் பாதி அவருக்குப் போயிருக்க வேண்டும்.

காரத்தைத் தாங்கும் பருத்தி அமிலத்தையும், கவனமில்லாத வெளுப்பையும் தாங்காது. வெளுக்கப் பயன்படும் ஹைப்போகுளோரைட் தொட்டியில் காரத்தன்மை இறங்கி நடுநிலையை நெருங்கினால், அந்த மருந்து அழுக்கு நிறத்தை நீக்குவதோடு நிற்காமல் செல்லுலோஸ் சங்கிலிகளையே துண்டாடத் தொடங்குகிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒருமுறை வெளியே வெளுக்கக் கொடுத்து வாங்கிய பாவு நூல், தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், மல்லிகைப் பூவாகத்தான் வந்தது. தறியில் ஏற்றியதும், ஒரு முழம் ஓடுவதற்குள் நாலைந்து இழைகள் அறுந்தன. அப்பா ஓர் இழையை வாயில் நனைத்து இழுத்துப் பார்த்தார். நல்ல பருத்தி நனைந்தால் வலுக்கூடும். இதுவோ விரலிடையே ஓசையின்றி விட்டுப் போயிற்று. அந்தப் பாவை அறுத்து இறக்கினோம். தறிக்கு எண்ணெய் விட்டபின் கை துடைக்கும் கழிவு நூலாக அது பல மாதம் கொட்டகை மூலையில் கிடந்தது.